அம்மா என் பெயரில் கேட்ட கேள்வி

வானொலியில் என் பெயரைக் கேட்டபோது நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாலை நேரம். மழை வரும் போலிருந்தது. பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டியின் சமையலறை சன்னல் எங்கள் கொடிக்கு நேர் எதிரே. அவர் வீட்டு வானொலி எப்போதும் உரக்கத்தான் பாடும். அன்று பாட்டு முடிந்து, மாணவர்களுக்கான நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள் தொலைபேசியில் அழைத்துப் பாடத்தில் சந்தேகம் கேட்கலாம்.

“அடுத்து நம்மோடு இணைபவர் பாடாங் செராயிலிருந்து ஷாமினி. வணக்கம் ஷாமினி!”

எத்தனையோ ஷாமினி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அப்பாவின் சட்டையை உதறினேன்.

“வணக்கம் சார். நான் ஃபோம் ஃபோர் படிக்கிறேன் சார்.”

குரல் மெலிந்து, சின்னப் பெண்ணின் குரல் போல இழுத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ‘சார்’ இருக்கிறதே, அதை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன். சட்டை கையிலிருந்து நழுவி ஈர மண்ணில் விழுந்தது.

அது என் அம்மா.

ஒரே ஒரு கைத்தொலைபேசி

அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று சொல்ல, அந்த ஆண்டு எங்கள் வீடு இருந்த நிலையைச் சொல்ல வேண்டும்.

நோய்த்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகளை மூடியிருந்தார்கள். வகுப்புகள் எல்லாம் இணையத்தில். எங்கள் செம்பனைத் தோட்டத்திலோ பேசுவதற்கு லைன் கிடைக்கும், டேட்டா கிடைக்காது. கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதை ஒட்டி நின்றால்தான் வாட்ஸ்அப்பில் படம் திறக்கும்.

அதற்கும் தொலைபேசி வேண்டுமே. வீட்டில் இருந்தது ஒன்றுதான். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். தோட்ட வேலை நிற்கவில்லை. விடிவதற்குள் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு மிஞ்சியது தொலைக்காட்சி. காலையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பாடம் ஒளிபரப்பினார்கள். ஓர் ஆசிரியர் வெள்ளைப் பலகை முன் நின்று மலாயில் விளக்குவார். மாலையில் வானொலியில் தமிழில் விளக்கம், கேள்வி நேரம். என் பள்ளிக்கூடம் இவ்வளவுதான்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு திரைதான். தொலைக்காட்சி எனக்காக ஓடியது, அம்மாவுக்கும் கேட்டது. முதல் வாரம் அவர் திரைக்கு அந்தப் பக்கம் நெத்திலி பொரித்தார். இரண்டாம் வாரம் திரையை ஆணியில் தூக்கி மாட்டினார். அதற்கடுத்த வாரம் வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

தொலைக்காட்சியில் இருக்கும் ஆசிரியர் விளக்கி முடித்து, “ஃபாஹாம்?” என்று கேட்டு நிறுத்துவார். புரிந்ததா என்று அர்த்தம். நான் பேசாமல் இருப்பேன். அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஃபாஹாம் சிக்கு!” என்பார், புரிந்தது டீச்சர் என்று.

“ம்மா, அவருக்குக் கேட்காது.”

“கேட்காட்டி என்ன? கேட்டவருக்குப் பதில் சொல்லணும்லா.”

கணிதம் மட்டும் அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. “இந்த எக்ஸு என்னாடி, ஒரு கணக்குல மூணுங்குறான், அடுத்த கணக்குல ஏழுங்குறான். நேத்து சொன்னதை இன்னைக்கு மாத்துறவனை எப்படி நம்புறது?” என்று எழுந்து போய் உலை வைப்பார். வரலாறு வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். ஒரு நாள் பாடம் முடியும்வரை அடுப்பை அணைக்க மறந்து கத்தரிக்காய் கரியானது. அன்று மதியம் ஊறுகாயும் தயிரும்தான்.

ஆண்டெனா பிடித்தவர்

அம்மாவுக்குத் தொலைக்காட்சிப் பாடம் புதிதல்ல. அதை அவர் ஒரு மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

அம்மா பிறந்தது பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கிருந்து பஸ்ஸில் இடைநிலைப்பள்ளிக்குப் போவார்களாம். பள்ளியில் ஓர் அறைக்குள் தொலைக்காட்சியைப் பூட்டி வைத்திருப்பார்கள். கல்வி நிகழ்ச்சி வரும் நேரத்தில் வகுப்பையே வரிசையாக அழைத்துப் போய்த் தரையில் உட்கார வைப்பார்கள். மலைப்பக்கம் என்பதால் படம் தெளிவாக வராது. ஒருவர் வெளியே நின்று ஆண்டெனா கம்பத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

“நான்தான் ஒசரம். அதனால என்னையத்தான் அனுப்புவாங்க. உள்ள இருந்து ‘சரி, அப்படியே நில்லு’ன்னு கத்துவாங்க. நானும் நிப்பேன். கையை எடுத்தா படம் ஓடிரும்.”

“அப்ப நீங்க படமே பார்த்தது இல்லையா?”

“சத்தம் கேட்கும். எறும்பு எப்படிக் குழி தோண்டுதுன்னு ஒரு பாடம். கேட்டேன், பார்க்கல. என்னையச் சுத்தி நிஜ எறும்பே ஓடுது, காலைக் கடிக்குது, அசைய முடியல.”

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் ஆண்டுப் படிப்போடு, ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். “பஸ் நின்னுச்சு, நானும் நின்னுட்டேன்” என்றார். அவ்வளவுதான். அதில் வருத்தம் இருந்ததா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரொம்ப நல்ல கேள்வி

இனி மறுபடியும் கொடிக்கு வருகிறேன்.

மேரி ஆன்ட்டியின் சன்னலில் அம்மாவின் குரல் வந்துகொண்டிருக்க, நான் வீட்டுக்குள் ஓடினேன். எங்கள் வானொலி அணைக்கப்பட்டிருந்தது. குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அப்பா கோயில் பக்கம் பேசப் போயிருந்தார். அவர் தொலைபேசி உள்ளே அம்மாவிடம்.

கதவில் காதை வைத்தேன்.

“சார், மலாயன் யூனியன்னு டிவியில பாடம் போட்டாங்க. அதுல வேற இனத்துக்காரங்களுக்கும் லேசா குடியுரிமை கொடுக்குறேன்னு வெள்ளைக்காரன் சொன்னானாம். மலாய்க்காரங்க அந்தத் திட்டத்தை எதிர்த்தாங்க, அது புத்தகத்துல இருக்கு. அப்ப தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்க என்ன சார் நினைச்சாங்க? அது புத்தகத்துல இல்லையே?”

பதில் கதவுக்கு வெளியே கேட்கவில்லை. மறுபடியும் கொடிக்கு ஓடினேன். வானொலியில் பதில் சொன்னவர் இளங்கோ சார் என்ற வரலாற்று ஆசிரியர்.

“ஷாமினி, ரொம்ப நல்ல கேள்விம்மா. இது சோதனையில வராது. ஆனா வந்தா நல்லா இருக்கும். அப்போ போர் முடிஞ்ச நேரம். போர்க் காலத்துல ரயில் பாதை போடக் கட்டாயமாக் கூட்டிட்டுப் போனவங்க பல பேர் வீடு திரும்பல. அரிசிக்கே கஷ்டம். நிறைய தோட்டங்களுக்கு இந்தத் திட்டம் பத்தின சேதியே சரியாப் போய்ச் சேரல. உங்க வீட்டுல வயசானவங்க இருந்தா கேட்டுப் பாரு. ஃபோம் ஃபோர்ல இப்படி யோசிக்கிற பிள்ளையை நான் பார்த்ததே இல்ல!”

நான் உள்ளே திரும்பியபோது குளியலறைக் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தார். முகம் ஏதோ கோயில் தேரை இழுத்துவிட்டு வந்தவர் போல வேர்த்திருந்தது.

“ம்மா, ஏன் என் பேரைச் சொன்னீங்க?”

“மாணவருங்க மட்டும்தான் கூப்பிடணும்னு சொன்னாங்களே. அங்க ஃபோன் எடுத்த பொண்ணு பேரு கேட்டா, எனக்கு உன் பேருதான் வாயில வந்துச்சு.” பிறகு மெதுவாக, “நல்ல கேள்வின்னு சொன்னாருல்ல?” என்றார்.

“நீங்க கேட்கலையா?”

“எனக்குக் காது அடைச்சுப்போச்சுடி. அவர் பேச ஆரம்பிச்சதும் பயத்துல கட் பண்ணிட்டேன்.”

அவர் சொன்னதை எல்லாம் நான் ஒப்பித்தேன். அம்மா அடுப்பங்கரையில் சாய்ந்து நின்று கேட்டார். முடித்ததும், மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

புகழ் படுத்திய பாடு

அன்றிரவு தொட்டிப் பக்கம் போய் வாட்ஸ்அப்பைத் திறந்தால் வகுப்புக் குழுவில் எல்லாம் என் பெயர். “ஷாமினி பவர்லா!” “எப்ப இருந்துடி செஜாரா படிக்க ஆரம்பிச்ச?” கடைசிக் கேள்வி நியாயமானது. செஜாரா என்கிற வரலாற்றுப் பாடத்தில் நான் தூங்குவதற்குப் பெயர் போனவள். எங்கள் வரலாற்று ஆசிரியை, சிக்கு ரோஸ்னாவுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மிகவும் பெருமையாக இருக்கிறதாம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இளங்கோ சார் அடுத்த வாரம் நிகழ்ச்சியிலேயே அறிவித்தார்: “பாடாங் செராய் ஷாமினி மறுபடியும் நம்மோட பேசணும். அவங்களுக்கு நான் சில கேள்வி வச்சிருக்கேன்.”

“நான் பேச மாட்டேன்” என்றார் அம்மா. “கேள்வி கேட்குறது வேற, பதில் சொல்றது வேற. நாக்கு குழறிடும். நீயே பேசு. உன் பேருதானே?”

எனக்கு வேறு வழி இல்லை. அன்று அப்பாவுக்கு மாலை வரை வேலை, தொலைபேசி அவரிடம். மேரி ஆன்ட்டி வேலிக்கு மேலே தன் தொலைபேசியை நீட்டினார். “எங்க வீட்டுல எல்லாரும் கேட்குறோம். நல்லாப் பேசு, ஆண்டவர் கூட இருப்பார்” என்றார். உண்மை தெரியாத அவரைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

“வணக்கம் ஷாமினி. போன வாரம் மலாயன் யூனியன் பத்திக் கேட்டீங்க. அதுல இருந்தே ஒண்ணு. அந்தத் திட்டத்துல சேர்க்காம, பிரிட்டிஷ்காரங்க தனியா வச்சுக்கிட்ட இடம் எது? ஏன்?”

என் தலைக்குள் ஒரு வெள்ளைப் பலகை தெரிந்தது. அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

“பினாங்கு… சார்?”

“பினாங்கா?” என்றார் இளங்கோ சார், பரிதாபமாக.

“சிங்கப்பூர்டி! சிங்கப்பூர்!” என் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மா கத்தினார். தாளாமல் கத்திவிட்டார். “துறைமுகம்! கப்பல்படை!”



“ஷாமினி, பின்னால யாரும்மா அது?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்தார். சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினார்.

“சார், நான் அவ அம்மா. பேரு புஷ்பவள்ளி. போன வாரம் கேட்டதும் நான்தான் சார். பிள்ளை மேல தப்பு இல்ல.”

இளங்கோ சார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கேலியே இல்லாத சிரிப்பு. “அதான் பார்த்தேன்! நீங்க எதுவரைக்கும் படிச்சீங்கம்மா?”

“ஃபோம் த்ரீ சார்.”

“அப்ப எஸ்.பி.எம். எழுதலாமே. தனியாப் பதிஞ்சு எழுதுறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க.”

“எனக்கு எதுக்கு சார் இனிமே” என்று அம்மா சிரித்தார். வணக்கம் சொல்லித் தொலைபேசியை வைத்தார். வேலிக்கு அப்பால் மேரி ஆன்ட்டியின் வீட்டில் எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா அவர்கள் பக்கம் திரும்பாமல் உள்ளே போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

அப்பா கேட்டது

நாங்கள் வானொலியில் பேசிக்கொண்டிருந்தபோது அப்பாவின் லாரி ஆலை வாசலில் வரிசையில் நின்றிருந்தது. முன்னும் பின்னும் நின்ற லாரிகளில் எல்லாம் அதே வானொலி. எல்லா ஓட்டுநர்களும் கேட்டிருக்கிறார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து குளித்தார். தேநீர் குடித்தார்.  அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

“கீலாங்ல, ஆலை வாசல்ல, எல்லாரும் சிரிச்சானுங்க” என்றார் அப்பா கடைசியில். “வீட்டுக்காரம்மா செஜாரா டீச்சரான்னு கேட்டானுங்க.”

“இனிமே கூப்பிட மாட்டேங்க.”

“அதைச் சொல்லல. முதல் தடவை எதுக்கு இவ பேரைச் சொன்ன? உனக்குப் பேர் இல்லையா?”

அம்மா தூணிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. பஸ் நின்றதைப் பற்றிச் சொல்லும்போதுகூடக் கலங்காத கண்.

“எனக்கு எழுதணும் போல இருக்குங்க” என்றார்.

அப்பா காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எழுது. ஆனா யாருக்கும் சொல்லாத. பாஸ் பண்ணிட்டுச் சொல்லிக்கலாம். கோட்டை விட்டா உன்னையப் பார்த்துச் சிரிப்பானுங்க. என்னையச் சிரிச்சா பரவால்ல.”

அடுத்த ஆண்டு நான் படிவம் ஐந்துக்குப் போனபோது அம்மா தனித்தேர்வராகப் பதிந்தார். எடுத்தது சில பாடங்கள்தான். மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அவை இரண்டும் கட்டாயம். தமிழ், நன்னெறி, அதோடு அந்த நம்ப முடியாத எக்ஸ்.

வரலாற்றில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மலாய்க் கட்டுரையில் நான் அவருக்கு. அவர் பேசும் மலாய் சந்தைக்குப் போதும்; தாளில் எழுதினால் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழும். சுற்றுச்சூழல் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் தோட்டத்துக் குப்பையை யார் கொட்டினார்கள் என்று பெயரோடு எழுதிவிடுவார். “ம்மா, பேரெல்லாம் போடக்கூடாது.” “ஏன், அவன்தானே கொட்டுறான்?” இதிலேயே பல காலைகள் போயின. தொலைக்காட்சியில் மலாய்ப் பாடம் வரும்போது இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அம்மா உதடு அசைத்து ஆசிரியர் சொல்வதைக் கூடவே சொல்லிப் பார்ப்பார்.

ஒருமுறை அம்மா புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். மாதிரித் தேர்வுத் தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பார்த்து, பாதிகூட முடியவில்லை. அப்பா வேலை விட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், நாற்காலி போட்டு ஏறி மூட்டையை இறக்கித் தொலைக்காட்சி முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வாசற்காவலர்

தேர்வு தள்ளித் தள்ளிப் போய் ஒருவழியாக வந்தது. தனித்தேர்வர்களுக்கும் எங்கள் பள்ளியிலேயே இடம் போட்டிருந்தார்கள், மண்டபம்தான் வேறு.

முதல் நாள் நான் சீருடையில், அம்மா பஞ்சாபி உடையில், இருவருக்கும் முகக்கவசம். வாசலில் நின்ற காவலர் என்னை விட்டுவிட்டு அம்மாவின் முன்னால் கையை நீட்டினார்.

“காக், இபு பாபா தா போலே மாசுக்.” பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்கிறார்.

அம்மா நிமிர்ந்தார். “சாயா சாலோன், பாங்” என்றார். நான் தேர்வு எழுத வந்தவள், அண்ணே.

காவலர் அவர் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சட்டென்று வழிவிட்டு, “சிலாக்கான், சிலாக்கான்” என்று கல்யாண வீட்டு வாசலில் வரவேற்பது போலக் கையைக் காட்டினார். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் மண்டபத்துக்கு நடந்தார்.

தண்ணீர்த் தொட்டி அருகே

இன்று நான் சுங்கைப் பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் தங்கி ஒரு மருந்தகத்துக்கு வேலைக்குப் போகிறேன். அம்மா பாடாங் செராயில் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. அந்த வேலைக்குச் சான்றிதழ் கேட்டார்கள், இருந்தது. கணிதத்தை மட்டும் அதற்குப் பிறகு மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஆனால் முடிவு வந்த நாளை நினைத்தால் எனக்கு எங்கள் லயம்தான் கண்முன் வரும்.

அன்று அப்பா விடுப்பு எடுத்திருந்தார். நான் பள்ளியிலிருந்து என் முடிவோடு வந்தேன், மோசமில்லை. அம்மாவின் முடிவைத் தொலைபேசியில்தான் பார்க்க வேண்டும். மூவரும் தொட்டிக்கு நடந்தோம். அம்மா திரும்பி நின்று கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டார்.

“தமிழ், ஏ.”

“அது வரும். அடுத்தது சொல்லு.”

“நன்னெறி, பி. செஜாரா…” எனக்குச் சிரிப்பு வந்தது. “பி பிளஸ். என்னையவிட ஒரு படி மேல.”

அம்மா திரும்பவில்லை. “மலாய்?”

நான் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். “சி. பாஸும்மா! சான்றிதழ் கிடைச்சிருச்சு!”

அம்மாவின் தோள் இறங்கியது. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். 

“கணக்கு?” என்றார் பிறகு.

“ஜி.”

“ஜி-ன்னா குட்தானே?” என்றார் அப்பா.

“ஃபெயிலுங்க!” என்று சொல்லி அம்மா சிரித்தார் பாருங்கள், அப்படியே தொட்டி மேடையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்பாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவரும் சேர்ந்துகொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மேரி ஆன்ட்டி வேலியோரம் காத்திருந்தார். “ரிசல்ட் வந்திருச்சாமே, ஷாமினி என்னாச்சு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“எங்க வீட்டுல ரெண்டு பேரும் பாஸ்!”

“ரெண்டு பேரா?”

“இவ ஒண்ணு. எங்க வீட்டுக்காரம்மா ஒண்ணு. புஷ்பவள்ளி, எஸ்.பி.எம்.!”

மேரி ஆன்ட்டி கன்னத்தில் கை வைத்து நின்றுவிட்டார். அப்பா அங்கே நிற்கவில்லை. அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் அதையே சொன்னார். அதற்கடுத்த வீட்டில், சாப்பாட்டில் இருந்தவரை எழுப்பிச் சொன்னார். வருடம் முழுக்க வாய் திறக்காமல் இருந்த மனிதர், லயத்தில் ஒரு வாசல் விடவில்லை.

“போதுங்க, உள்ள வாங்க, மானம் போகுது” என்று அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

“இருலா, கோடி வீடு இன்னும் இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்பா நடந்தார்.